அரக்கு மெருகு: ஒரு பீரோவின் வழியே சில வரலாற்றுக் குறிப்புகள்

சங்க மலருக்கு இந்த ஆண்டு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும், பழக்க தோஷத்தில் ரயில்வே வரலாறு எழுதவா என்றேன். "அதைத்தான் ஏற்கனவே ரெண்டு தடவை எழுதிட்டீங்களே சார்" என்றார். உண்மைதான். எனவே இம்முறை எங்கள் வீட்டு மர பீரோ ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது போகும் வழியில் அதர்வ வேதம், அக்பர் சக்கரவர்த்தி, லண்டன் சாயத் தொழிற்சாலை, பெரம்பூர் எல்லாம் வரும். பொறுமையுள்ள அன்பர்கள் கூட வரலாம்.

அப்பா 1950இல் கரக்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்ந்தவர். பெட்டிகளுக்கு வர்ணம் பூசும் பிரிவு. 1986இல் ஓய்வு பெற்றதும் அம்மாவோடும், ஏழெட்டு டிரங்குப் பெட்டிகளோடும், அந்த பீரோவோடும் கொல்கத்தாவுக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறடி உயரம், இரட்டைக் கதவு, கருஞ்சிவப்பு நிறம், அதில் கறுப்பு ரேகைகள் ஆற்று நீர்ச்சுழிபோல ஓடும். 'ஈட்டி பீரோ' என்றுதான் வீட்டில் பெயர். ஊரிலிருந்து வரும் உறவினர்களும் கதவைத் தட்டிப் பார்த்து, "இந்தக் காலத்துல ஈட்டி எங்க கிடைக்குது" என்று பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

2008இல் அப்பா காலமானார். சொத்து என்று பிரிக்க எதுவுமில்லை. தம்பிக்கு அப்பாவின் கைக்கடிகாரமும் புத்தகங்களும், கோவையில் இருக்கும் தங்கைக்கு ஈட்டி பீரோ என்று பேசிக்கொண்டோம். தங்கைக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு தொகையை நானும் தம்பியும் கொடுக்க முடியாத நிலையில் இருந்தோம். அதற்கு ஈடாகத்தான் அந்த பீரோ. அனுப்புவதற்கு முன் ஐம்பது வருஷ அழுக்கை எடுத்து, புது பாலிஷ் போட்டுக் கொடுப்போமே என்று 2009 நவம்பரில் ஒரு பாலிஷ் மிஸ்திரியை வரவழைத்தேன். வயதானவர், கை சுத்தம். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்து இடது கதவின் கீழ்ப்பகுதியில் தேய்க்க ஆரம்பித்தார். பஞ்சு பழுப்பாயிற்று; அது பழைய அரக்கு. சரி. பின்பு பஞ்சு சிவப்பாயிற்று. பிறகு கறுப்பாயிற்று. மிஸ்திரி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தாதா, இது மரம் இல்லை. ரங்." வர்ணம் என்றார்.

ஒரு சாண் அகலத்துக்கு ஈட்டியின் ரேகைகள் பஞ்சோடு போய்விட்டிருந்தன. அடியில் ஒரே சீரான செங்காவிப் பூச்சு. அதையும் ஓர் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தால் வெளுத்த, லேசான பலகை. பார்சல் பெட்டி அடிக்கும் மரம்!

மேலே போவதற்கு முன், பஞ்சில் கரைந்து வந்த அந்தப் பழுப்புப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது நம் நாட்டுச் சரக்கு. அதுவும் நாம் வாழும் இந்தக் கிழக்கிந்தியப் பகுதியின் சரக்கு.

அரக்கு என்பது மரத்தின் பிசின் அல்ல, பூச்சியின் பிசின். கெர்ரியா லாக்கா என்ற கடுகளவுப் பூச்சி பலாசம், இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றி ஒரு கூடுபோல இதைச் சுரக்கிறது. லட்சக்கணக்கில் மொய்ப்பதால் 'லாட்சா' என்று வடமொழியில் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதர்வ வேதத்தில் லாட்சையைப் பற்றி ஒரு சூக்தமே இருக்கிறது. புண்ணை ஆற்றும் மருந்தாக அது அங்கே வருகிறது. பாரதத்தின் அரக்கு மாளிகையை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரணாவதத்தில் புரோசனன் கட்டிய வீடு சுலபமாகத் தீப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அரக்கைத் தேர்ந்தெடுத்தான். சங்கப் புலவர்களுக்கோ அரக்கு என்றால் முதலில் நிறம்தான், சிவப்புக்கு உவமை. கிளையோடு ஒடித்தெடுப்பது கொம்பரக்கு. உருக்கித் தகடாக்கி நொறுக்கியதற்குத் தமிழில் 'அவலரக்கு' என்று ஓர் அழகான சொல் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் அவல் மாதிரியேதான் இருக்கும். வங்காளிகள் இதைச் 'சாஞ்ச் காலா' என்கிறார்கள். இந்திக்காரர்கள் 'சப்டா' என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஷெல்லாக்.

மரத்துக்கு மெருகேற்ற இதைப் பயன்படுத்துவது நமக்குப் புதிதல்ல. அயினி அக்பரியில் அபுல் பசல், மூங்கில் தட்டிகளுக்கு அரக்குப் பூசும் கணக்கைத் தருகிறார்: சிவப்பென்றால் 4 சேர் அரக்குக்கு 1 சேர் சாதிலிங்கம், மஞ்சளென்றால் 4 சேருக்கு 1 சேர் அரிதாரம். சக்கரவர்த்தியின் சரித்திரத்தில் பெயிண்டர் கணக்கு! இப்படிப்பட்ட வரிகளுக்காகவே அந்த நூலைப் படிக்கலாம். அதே காலத்தில், 1583இல் கோவாவுக்கு வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், இந்தியக் கடைசல்காரர்கள் சுழலும் மரத்தின்மேல் வர்ண அரக்குக் கட்டியை அழுத்தி, அந்த உராய்வுச் சூட்டிலேயே உருக வைத்துப் பூசுவதை வியந்து எழுதினார். 1596இல் அவர் நூல் வெளிவந்தது. சன்னபட்ணா பொம்மைகளும், நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளும் இந்த முறையில் வந்தவைதான். சின்ன வயதில் சொப்பு வைத்து விளையாடிய பெண்கள் எல்லோரும் லின்ஸ்கோட்டன் வியந்ததைக் கையில் வைத்திருந்தவர்கள்.

ஐரோப்பியர் செய்த மாற்றம் ஒன்று. சூட்டில் உருக்காமல் சாராயத்தில் கரைத்தார்கள். 1688இல் இங்கிலாந்தில் ஸ்டாக்கரும் பார்க்கரும் எழுதிய மெருகு நூலில் இதற்கான செய்முறைகள் வந்துவிட்டன. பிறகு நெப்போலியன் போர்கள் முடிந்த கையோடு, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் அரக்குக் கரைசலை ஊற்றி வட்டம் வட்டமாகத் தேய்க்கும் முறை பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் பரவியது. அதனால் பெயர் 'பிரெஞ்சு பாலிஷ்'. சரக்கு சோட்டா நாக்பூர் காட்டுச் சரக்கு, பெயர் பிரெஞ்சு! இது போல எத்தனையோ; விடுங்கள்.

அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரக்கின் பிசினைவிட அதன் சாயம்தான் முக்கியமாக இருந்தது. கொம்பரக்கை நீரில் கழுவும்போது வரும் செந்நிற நீரை இறுக்கிக் கட்டிகளாக்கிக் கல்கத்தாவிலிருந்து அனுப்பினார்கள். கம்பளித் துணிக்குச் செஞ்சாயம் ஏற்ற மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சிக்கு அது போட்டி. இந்த நிலையை மாற்றியவன் 18 வயதுப் பையன். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்குக் கொய்னா தயாரிக்கப் போய், தற்செயலாக ஊதா நிற அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்தான். அடுத்த இருபது முப்பது வருடங்களில் தார் எண்ணெயிலிருந்து சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் வந்தன. அரக்குச் சாய வணிகம் படுத்தது. கழுவிய சிவப்பு நீரைத் தொழிற்சாலைகள் சாக்கடையில் விட்டன. அதுவரை உபரியாக இருந்த பிசின் முதல் சரக்காயிற்று.

இதில் ஒரு விசித்திரம். அரக்கின் சாயத்தைக் கொன்ற அதே அனிலின், பிறகு மரச்சாமான்களுக்கான சாயமாக அரக்கின் அடியிலேயே வந்து உட்கார்ந்தது. பிஸ்மார்க் பிரவுன், நிக்ரோசின் என்று இன்றும் சில வர்ணக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் பொடிகள் அந்தப் பரம்பரைதான். மலிவான மரத்தைத் தேக்காகவும் மகாகனியாகவும் காட்ட இவை உதவின. ஆனால் பாலிஷ்காரனுக்கு இவை ஒரு தலைவலியைக் கொண்டுவந்தன. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பீரோவின் கதையே அதில்தான் இருக்கிறது.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரில் கரையாது. மண்ணெண்ணெயிலும் டர்பன்டைனிலும் கரையாது. மரத்துக்கு இடும் சாயங்களோ மூன்று ஜாதி. தண்ணீரில் கரைத்துப் பூசுவது முதல் ஜாதி. பூசினதும் மரத்தின் நார் மயிர்க்கூச்செறிந்தது போல நிமிர்ந்துகொள்ளும், காயவிட்டு உப்புத்தாளால் லேசாக நீவ வேண்டும். ஆனால் காய்ந்தபின் மேலே அரக்குப் பூசினால் அசையாது, ஏனென்றால் ஸ்பிரிட்டுக்கு அதனிடம் வேலையில்லை. எண்ணெயில் கலந்து பூசுவது இரண்டாவது ஜாதி. இது காய இரண்டு மூன்று நாள் ஆகும். நன்றாகக் காய்ந்துவிட்டால் இதன்மேலும் அரக்கு நிம்மதியாக உட்காரும். அவசரப்பட்டால்தான் வம்பு. மூன்றாவது, ஸ்பிரிட்டில் கரையும் சாயம். பூசிய அஞ்சு நிமிஷத்தில் காயும், நிறம் பளீரென்று இருக்கும், எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் மேலே அரக்குப் பஞ்சை வைத்து இரண்டு முறை தேய்த்தால், அரக்கிலுள்ள ஸ்பிரிட் அடியிலுள்ள சாயத்தையும் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடும். ஓர் இடம் கறுத்து, ஓர் இடம் வெளுத்து, திட்டுத்திட்டாகும். இதற்குத் தெரிந்தவர்கள் செய்வது: முதல் இரண்டு பூச்சைப் பஞ்சால் தேய்க்காமல், நீர்த்த கரைசலை நல்ல பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் விட்டுவிடுவது. திரும்பத் தொடக்கூடாது. அது இறுகிய பிறகுதான் பஞ்சு.

கரைசலின் கணக்கு: 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்ட வேண்டும். கரைத்து ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனதைப் பயன்படுத்தினால் காயாமல் பிசுபிசுக்கும். வங்காளத்து மழைக்காலத்தில் பூசினால் காற்றின் ஈரம் ஏறி வெண்மேகம் போலப் பூத்துவிடும். அதனால்தான் எந்த நல்ல மிஸ்திரியும் ஆடி ஆவணியில் பாலிஷ் வேலை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இனி ரேகை வரையும் கலைக்கு வருகிறேன். மலிவு மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் ரேகைகளை வர்ணத்தால் எழுதுவது விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் உச்சத்துக்குப் போன தொழில். போல்ட்டன் ஊர்க்காரர் தாமஸ் கெர்ஷா என்பவர் 1851 லண்டன் கண்காட்சியிலும் 1855 பாரிஸ் கண்காட்சியிலும் இதற்காகப் பரிசு வாங்கினார். முதலில் ஒரு அடிப்பூச்சு. ஓக் மரத்துக்கு வெளிர்மஞ்சள், ஈட்டிக்குச் செங்காவி. அது காய்ந்ததும் மேலே நீர்த்த வர்ணம் பூசி, ஈரம் காயுமுன் எஃகுச் சீப்பு, தோல் சீப்பு, துணிச்சுருள், விரல் நகம் என்று எது தோதோ அதால் ரேகை இழுப்பார்கள். மேல் வர்ணத்தை எண்ணெயில் கலப்பது ஒரு முறை. இன்னொன்று தண்ணீர் முறை. தண்ணீரில் கலந்த பொடி காய்ந்தால் உதிர்ந்துவிடுமே, அதைப் பிடித்து நிறுத்தச் சிறிது பசை வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்குப் பயன்படுத்தியது பழைய பீர்! பீரில் உள்ள மாவுப்பசையும் சர்க்கரையும் பொடியை லேசாக ஒட்ட வைக்கும். லேசாகத்தான். அதன்மேல் உடனே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு விட்டால், ஸ்பிரிட்டுக்கும் பீர்ப்பசைக்கும் ஒட்டுறவில்லாததால் ரேகை கலையாது, கண்ணாடிக்குள் வைத்தது போல நின்றுவிடும். அரக்கு இருக்கும்வரை ரேகை இருக்கும். அரக்கைக் கரைத்துத் தேய்த்தால் ரேகையும் போகும்.

ரயில்வேக்கும் இந்தக் கலைக்கும் நெருங்கிய உறவு. பெட்டிகள் மரமாக இருந்த காலத்தில் தேக்குப் பலகைகள் வார்னிஷும் பாலிஷுமாக மின்னின. எஃகு வந்ததும் மனசு கேட்கவில்லை. இங்கிலாந்தின் எல்.என்.இ.ஆர். ரயில்வே, தன் எஃகுத் தகட்டுப் பெட்டிகளின்மேல்கூடத் தேக்கு ரேகையைக் கையால் எழுதிவைத்தது. அந்த மரபில் வந்த ஓர் ஆங்கிலோ இந்திய ஃபோர்மனிடம்தான் அப்பா தொழில் படித்தார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அதை ஒருநாளும் செய்து காட்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

கரக்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அரக்கு வேறு வகையிலும் பழக்கம். நம் ரயில் பாதை அரக்கு நாட்டின் நடுவே போகிறது. புருலியா மாவட்டத்து பலராம்பூர், ஜால்தா எல்லாம் அரக்கு உருக்கும் ஊர்கள். 1969இல் ஒரு விடுமுறைக்கு அப்பா என்னை பலராம்பூருக்கு அழைத்துப்போனார். ஒரு நீண்ட கொட்டகை. கரி அடுப்பின் முன்னால் ஒரு காரிகர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே பாம்பு போல நீண்ட துணிக்குழாய், உள்ளே கழுவிய அரக்கு மணிகள். தூரத்து முனையில் ஒருவர் குழாயை முறுக்க முறுக்க, சூட்டில் உருகிய அரக்கு துணி வழியே தேன்போலக் கசியும். அதை வழித்து வெந்நீர் நிரப்பிய உருளை மேல் விரித்ததும், மூன்றாமவர் அந்தச் சூடான தகட்டைத் தூக்கி, இரு கைகளால், கால்விரல்களால், பற்களால் பிடித்து இழுத்தார். ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்த அந்தத் தகடு வழியாக அடுப்புத் தீ ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அந்த மனிதரின் விரல் நுனிகளைப் பார் என்றார் அப்பா. பார்த்தேன். தோல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்படி வந்த சரக்கு அன்று உலகத்துக்கே வேண்டியிருந்தது. பாலிஷுக்கு மட்டுமல்ல, இசைத்தட்டுக்கும். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கில் கல்தூள் கலந்து அழுத்தியவை. கிராமபோன் கம்பெனி 1908இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை திறந்ததற்குச் சரக்கு பக்கத்திலேயே கிடைத்ததும் ஒரு காரணம். பிறகு அது டம்டமுக்கு மாறியது. மதராஸ் வீடுகளில் ஒலித்த எச்.எம்.வி. தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் இங்கே அழுத்தப்பட்டுப் போனவை. அதாவது நாம் இங்கு வருவதற்கு முன்பே நம் பாட்டு இங்கே வந்து அரக்கில் பதிந்து திரும்பியிருக்கிறது. சந்தையில் சாதாரணத் தரத்துக்கு 'டி.என்.' என்று முத்திரை. தமிழ்நாடு என்று யாரும் பெருமைப்பட்டுவிட வேண்டாம், மாநிலத்துக்கு அந்தப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முந்திய வணிக முத்திரை அது.

விலை மட்டும் எப்போதும் ஊசலாட்டம்தான். லிண்ட்சேயும் ஹார்லோவும் 1921இல் கொடுத்த அறிக்கை கலப்படத்தையும் விலைச் சூதாட்டத்தையும் விவரமாகச் சொல்கிறது. குங்கிலியம் கலந்து எடை கூட்டுவதும், நிறத்துக்காக அரிதாரம் சேர்ப்பதும் சகஜம். அரிதாரம் என்பது பாஷாணம், அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் தொடர்ச்சியாக 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1930இல் அரக்கு வரிச் சட்டம் வந்து அதற்குப் பணம் கிடைத்தது. 1942இல் போரின் நடுவே அமெரிக்கா இசைத்தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டிவிட்டது. போர் முடிந்து 1948இல் வினைல் தட்டு வந்ததும் அந்தச் சந்தை கரையத் தொடங்கியது. மரச்சாமான் பக்கம் 1920களிலேயே நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் புகுந்தாயிற்று. துப்பாக்கியில் பீச்சி அரை மணியில் முடிக்கிற வேலைக்கு முன்னால் பத்து நாள் பஞ்சுத் தேய்ப்பு எப்படி நிற்கும்?

நம் நாட்டில் ரயில் பெட்டிகளின் தேக்கு யுகத்தை முடித்துவைத்த பெருமை பெரம்பூருக்கு உரியது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி திறந்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை முழு எஃகுப் பெட்டிகளை அனுப்பத் தொடங்கியது. தமிழனாக அப்பாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. பாலிஷ் பிரிவில் இருந்த அவருடைய நண்பர்களுக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது. பிறகு வீடுகளுக்குள் சன்மைக்கா வந்தது. யோசித்துப் பார்த்தால் சன்மைக்காவும் ரேகை எழுதும் கலைதான். சீப்பும் பீரும் இல்லாமல் அச்சு இயந்திரம் காகிதத்தில் எழுதுகிறது, அவ்வளவே.

சரி, பீரோவுக்கு வருவோம். ஒரு சாண் இடம் வெளுத்துக் கிடந்த கதவின் முன்னால் நானும் மிஸ்திரியும் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு இரண்டு பயம். அம்மா பார்த்தால் என்ன சொல்வது என்பது ஒன்று. தங்கைக்கு ஈட்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டு பார்சல் பெட்டி மரத்தை அனுப்பினால், அண்ணன் மாற்றிவிட்டான் என்று அவள் வீட்டார் நினைக்க மாட்டார்களா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அம்மாவுக்கு அப்போது 75 வயது. சத்தம் கேட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பீர் போயிடுச்சா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கதை வந்தது. 1958இல் அம்மாவுக்கு ஒரு பீரோ வேண்டியிருந்தது. ஒர்க்ஷாப்பில் ஏலத்துக்கு வந்த பழைய பார்சல் பெட்டிப் பலகைகளை அப்பா வாங்கிவந்து, ஒரு தச்சரை வைத்து அடித்தார். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து ரேகை எழுதினார். அதற்காக ஒரு பீர் பாட்டிலைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் பூண்டுகூடச் சேர்க்காத அம்மா, பாட்டிலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. "குடிக்கலைடி, மரத்துக்குத்தான் குடுக்கறேன்னு உங்கப்பா சத்தியம் பண்ணார். நான் நம்பலை. அப்புறம் எதிரே உக்காந்து பாத்தேன். ஒரு கிண்ணத்துல ஊத்தி, கறுப்புப் பொடி போட்டுக் கலக்கி, கோழி இறகால கோடு போட்டார். பாத்துக்கிட்டே இருக்கறப்ப மரம் ஈட்டியா மாறிடுச்சு."

"அப்ப ஏம்மா எல்லார்கிட்டயும் ஈட்டின்னு சொன்னே?"

"நான் எங்கடா சொன்னேன்? வந்தவங்க சொன்னாங்க. நான் இல்லேன்னு சொல்லலை."

மிஸ்திரிக்கு இதை வங்காளியில் சொன்னேன். அவர் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த ரேகைகளை விரலால் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். "நாற்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். என்னையே ஏமாத்திட்டார்" என்றார். அதற்குமேல் அவர் செய்ததுதான் தொழில். இனி எங்கும் ஸ்பிரிட் தொடக்கூடாது என்று பாட்டிலை மூடி வைத்தார். டர்பன்டைன் நனைத்த துணியால் பீரோ முழுவதையும் துடைத்தார். அரக்கு அதில் கரையாது, அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் போகும். போன இடத்துக்குக் கருவேலம் பிசினைத் தண்ணீரில் கரைத்து, விளக்குக் கரியும் காவியும் சேர்த்து, மெல்லிய தூரிகையால் ரேகைகளைத் தொட்டுத் தொட்டு இணைத்தார். பீர் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஹஜ் போய் வந்த கை என்றார். மறுநாள் காய்ந்தபின், நீர்த்த அரக்கைப் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் ஒருமுறை. அதற்கடுத்த நாள் இன்னொரு முறை. பிறகுதான் முழு பீரோவுக்கும் பஞ்சை எடுத்தார், அதுவும் கை பட்டும் படாமலும்.

அரக்கின் பெரிய குணம் இங்கேதான் தெரிகிறது. இன்றைய மெலமைன், பி.யு. பூச்சுகள் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான்; மேலே பூசினால் தனி அடுக்காக நிற்கும். அரக்கு அப்படியல்ல. புதுப்பூச்சின் ஸ்பிரிட் பழையதன் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். 1958இல் அப்பா பூசியதும் 2009இல் மிஸ்திரி பூசியதும் இப்போது ஒரே படலம். ஆனாலும் உண்மையைச் சொன்னால், இடது கதவின் அடியில் சாய்வாக வெளிச்சம் பட்டால் வித்தியாசம் தெரியும். மிஸ்திரியின் ரேகை கொஞ்சம் நேராக ஓடுகிறது. அப்பாவுடையது ஒவ்வொரு சுழியிலும் சற்றுத் தயங்கித் திரும்பும்.

தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பணமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன், பீரோ வேண்டாமென்றால் பரவாயில்லை என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணா, அந்த ரேகையெல்லாம் அப்பா கையால போட்டதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "லாரில போடாதே, வழியில உரசிடும். ஏதாவது பாத்து பத்திரமா அனுப்பு" என்றாள். பணத்தையும் கொடுத்தோம், அது முடிய நாலு வருஷமாயிற்று. அம்மா 2016இல் போய்ச்சேர்ந்தார். நாம்கும் நிலையம் 2007இல் ஒருமுறையும் 2022இல் ஒருமுறையும் பெயர் மாறி, இப்போது தேசிய இரண்டாம்நிலை வேளாண்மை நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது. ஜார்க்கண்ட் காடுகளில் அரக்கு விளைச்சல் தொடர்கிறது. மாத்திரைகளின் மேல்பூச்சு, பழங்களின் பளபளப்பு, மிட்டாய் என்று அது வேறு பக்கம் போய்விட்டது.

போன மாதம் தங்கை பேசினாள். பேத்தி பீரோவின் கீழ்த் தட்டுவிளிம்பில் காபி டம்ளரை வைத்துவிட்டாளாம், வெள்ளையாக வட்டம் விழுந்திருக்கிறது, துடைத்தும் போகவில்லை என்றாள். அது சூட்டிலும் ஈரத்திலும் அரக்கு பூத்துப்போவது, வெறும் மேல்தோல் விஷயம், ஸ்பிரிட் மணம் மட்டும் இருக்கிற மாதிரிக் காய்ந்த துணியால் ஒரே ஒரு தடவை நீவினால் போய்விடும் என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம், கதவை ஒட்டி என்றாள். அப்படியானால் நீ கை வைக்காதே, தையில் நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.